செஞ்சிலுவை ஏன் லோகோ இல்லை: சைன், சிம்பல், எம்ப்ளம், மார்க் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்புச் சிலுவை. கிளினிக் பலகையில் இருக்கிறது, மருந்துக்கடை ஷட்டரில் இருக்கிறது, டாக்டர் காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கராக இருக்கிறது, பஸ்ஸில் மாட்டியிருக்கும் முதலுதவிப் பெட்டியின் மூடியிலும் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சைன் என்பார், இன்னொருவர் சிம்பல் என்பார், டிசைனர் லோகோ என்பார், ஆப் எழுதுகிறவர் ஐகான் என்பார். எம்ப்ளம் என்று சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் சட்டம் சொல்வது எம்ப்ளம் என்றுதான். மற்ற சொற்களை அங்கே போட்டுப் பழகிவிட்டதால்தான் மேலே சொன்ன நான்கு இடங்களிலும் அது இருக்கவே கூடாத நிலையில் இருந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சொற்களை அகராதியை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். சிம்பலுக்கு எதிரே சைன் என்றிருக்கும், எம்ப்ளமுக்குப் போனால் சிம்பல் என்றிருக்கும். தமிழ் நமக்கு இன்னும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. தேர்தலில் கட்சிக்குக் கொடுப்பதும் சின்னம், அரசு முத்திரையில் இருப்பதும் சின்னம், கம்பெனி பெயர்ப்பலகையில் இருப்பதும் சின்னம். இந்திய அரசின் சட்டங்களிலோ தேர்தலுக்கு உரியது சிம்பல் (1968ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டு ஆணையின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது), நான்முகச் சிங்கம் எம்ப்ளம் (2005ஆம் ஆண்டின் சட்டம்). இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் போடுகிறோம், அதனால் இடையில் இருக்கும் கோடு தெரியாமலேயே போய்விடுகிறது.

என் கருத்து இதுதான்: படத்தைப் பார்த்து இந்தச் சொற்களைப் பிரிக்கவே முடியாது. அந்தப் படத்தை வைக்க யார் அனுமதி தர வேண்டும், தப்பான இடத்தில் வைத்தால் யாருக்கு என்ன கெடும் என்று கேட்டால்தான் பிரியும். இதைக் காட்டுவதற்குச் செஞ்சிலுவையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஏனென்றால் ஒரே படம் ஒரு இடத்தில் எம்ப்ளமாகவும், இன்னொரு இடத்தில் டிரேட்மார்க்காகவும், வேறொரு இடத்தில் ஐகானாகவும் இருந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் சண்டை வந்திருக்கிறது, சண்டைக்கு ஆவணமும் இருக்கிறது.

எப்படி வந்தது

1859 ஜூன் 24, இத்தாலியில் சோல்ஃபெரினோ போர். அந்த வழியாகப் போன ஜெனிவா வியாபாரி ஆன்ரி துனான், காயம்பட்டவர்கள் கேட்பாரற்றுக் கிடந்ததைப் பார்த்து, ஊர் மக்களைத் திரட்டிக்கொண்டு தன்னால் ஆனதைச் செய்தார். 1863 பிப்ரவரியில் ஜெனிவாவில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று கூடியது, அதே வருடம் அக்டோபரில் நடந்த மாநாட்டில் போர்க்களத்தில் வேலை செய்யும் மருத்துவ உதவியாளர்கள் கையில் சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைப் பட்டை கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. 1864 ஆகஸ்ட் 22இல் கையெழுத்தான முதல் ஜெனிவா ஒப்பந்தம் அதைச் சட்டமாக்கியது.

அதற்கு முன்னால் ஒவ்வொரு படைக்கும் ஒவ்வொரு நிறக் கொடி இருந்தது. எதிரிக்கு அது ஆஸ்பத்திரிக் கூடாரம் என்று தெரிய வழியில்லை. ஆக, இந்தப் படம் பிறந்ததே ஒரே ஒரு வேலைக்காக: தூரத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவன் பார்த்த உடனே சுடாமல் இருக்க வேண்டும். மருத்துவத்தைப் பற்றிச் சொல்வதற்காக வந்த படம் இல்லை இது, “இங்கே சுடாதே” என்று சொல்ல வந்தது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரே ஒப்பந்தத்துக்குள் ஐந்து சொற்கள்

இப்போது நடப்பில் இருப்பது 1949ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தங்கள். அதில் முதல் ஒப்பந்தத்தின் 38ஆம் பிரிவை ஆங்கிலத்தில் படித்தால், சுவிட்சர்லாந்தைக் கௌரவிக்கும் விதமாக அதன் கொடி நிறங்களை மாற்றிப் போட்டு உண்டாக்கிய செஞ்சிலுவை, படைகளின் மருத்துவப் பிரிவுக்கு ‘எம்ப்ளம்’ ஆகவும் ‘தனித்துக் காட்டும் சைன்’ ஆகவும் தொடரும் என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லையும் போட்டிருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் அழகுக்காக இரண்டு சொல் போடுவதில்லை. நான் படித்துப் புரிந்துகொண்டது இது: எம்ப்ளம் என்பது அந்தப் படத்தின் தகுதி, அதாவது அரசுகள் கூடி அங்கீகரித்து, இன்னாருக்குச் சொந்தம் என்று எழுதிவைத்திருப்பது. சைன் என்பது அது களத்தில் செய்கிற வேலை, அதாவது கூரையிலோ கொடியிலோ கைப்பட்டையிலோ இருந்துகொண்டு பார்க்கிறவனுக்கு ஒன்றைச் சொல்வது.

அதே ஒப்பந்தத்தின் 53ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யமானது. தனியாரும் கம்பெனிகளும் செஞ்சிலுவையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போடுகிற பிரிவு அது. அசலை எம்ப்ளம் என்கிறது, அதைப் போலவே போட்ட போலியை மட்டும் சைன் என்கிறது. போலிக்கு எம்ப்ளம் என்ற தகுதி ஏது? ஆனால் பார்க்கிறவனை ஏமாற்றும் வேலையை அது செய்யும், அதனால் அது சைன்தான். தொடர்ந்து சுவிஸ் நாட்டின் சின்னத்தைக் குறிக்க ‘ஆர்ம்ஸ்’ என்ற பழைய குலமுத்திரைச் சொல், அதன் போலிக்கு ‘மார்க்’, கடைக்காரர் போட்டால் ‘டிரேட்மார்க்’. இரண்டு பிரிவுக்குள் ஐந்து சொற்கள், ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் சட்டம் உடைந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரே பொருள் தருவதாக நாம் நினைக்கிற சொற்கள் எங்கே பிரிகின்றன என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த 53ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

அளவு சொல்லாத சிலுவை

லோகோ என்றால் அதற்கு ஒரு கையேடு இருக்கும். இந்தச் சிவப்பு இந்த எண், சுற்றிலும் இவ்வளவு இடம் விட வேண்டும், சாய்க்கக் கூடாது, நிழல் போடக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். டிசைன் வேலை செய்கிறவர்கள் செஞ்சிலுவைக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். கிடையாது. ஒப்பந்தத்தில் எங்கேயும் சிலுவையின் கை எவ்வளவு நீளம், சிவப்பு எந்தச் சிவப்பு என்று எழுதப்படவில்லை. ஐந்து சம சதுரங்களைச் சேர்த்துப் போடுவது வழக்கம், அவ்வளவுதான்.

இது விட்டுப்போனது இல்லை, தெரிந்தே விட்டது. அளவை எழுதிவைத்திருந்தால், ஆஸ்பத்திரி மேல் குண்டு போட்டுவிட்டு “அந்தச் சிலுவையின் அளவு விதிப்படி இல்லை” என்று ஒருவன் வாதாட இடம் கொடுத்ததாகிவிடும். அவசரத்தில் ஒரு படுக்கை விரிப்பைக் கிழித்து, கிடைத்த சிவப்பு பெயின்டால் வரைந்தாலும் அது எம்ப்ளம்தான், அதற்குரிய முழுப் பாதுகாப்பும் உண்டு. லோகோ தன் உருவம் துளியும் மாறாமல் இருப்பதால் மதிப்புப் பெறுகிறது. எம்ப்ளமோ உருவம் கோணலாக இருந்தாலும் மதிப்பு குறையாமல் இருக்க வேண்டியது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் ‘ரெட் கிராஸ் லோகோ’ என்று எழுதக் கை வராது.

இங்கே ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கங்களுக்கு லோகோ இல்லாமல் இல்லை. சிலுவைக்குப் பக்கத்திலோ சுற்றிலுமோ சங்கத்தின் பெயரைப் போட்டு வைத்துக்கொள்வது லோகோ. ஜெனிவாவில் இருக்கும் சர்வதேசக் குழு தன் பெயரை வளையமாகச் சிலுவையைச் சுற்றி எழுதியிருக்கும். சட்டத்தில் இதைச் சுட்டும் பயன்பாடு என்பார்கள், “இந்தக் கட்டடம் இந்தச் சங்கத்தைச் சேர்ந்தது” என்று மட்டும் சொல்வது. போர்க்களத்தில் போடுவது பாதுகாக்கும் பயன்பாடு. இரண்டும் குழம்பாமல் இருக்க அதே முதல் ஒப்பந்தத்தின் 44ஆம் பிரிவு ஒரு எளிய விதி வைத்திருக்கிறது: சுட்டுவதற்குப் போடுவது சிறியதாக இருக்க வேண்டும், கைப்பட்டையிலோ கட்டடக் கூரையிலோ போடக் கூடாது. கூரையில் பெரிதாக வெறும் சிலுவை என்றால் மேலே பறக்கிற விமானத்துக்குச் சொல்வது, வாசலில் பெயரோடு சின்னதாக என்றால் தெருவில் நடக்கிறவருக்குச் சொல்வது. அளவும் இடமும் மாறும்போது அதே படம் எம்ப்ளத்திலிருந்து லோகோவுக்கு வந்துவிடுகிறது.

நம்பிக்கை உடைந்தால்

2008 ஜூலை 2இல் கொலம்பியா ராணுவம், கெரில்லாக்கள் காட்டில் வைத்திருந்த 15 பணயக் கைதிகளை ஒரு தோட்டா கூடச் சுடாமல் மீட்டது. அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்தபோது கடத்தப்பட்ட இங்ரிட் பெத்தான்கூர் அதில் ஒருவர். மனிதாபிமான அமைப்பு ஒன்றின் ஆட்கள் போல நடித்து, ஹெலிகாப்டரில் போய் ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள். உலகமே பாராட்டியது. பிறகு வெளிவந்த படக்காட்சியில் மீட்கப் போனவர்களில் ஒருவர் செஞ்சிலுவை போட்ட மேலங்கி அணிந்திருந்தது தெரிந்தது. அதிபர் உரிபே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

யாரும் சாகவில்லை, நல்ல காரியம்தானே, ஒரு துணிக்கு எதற்கு மன்னிப்பு என்று தோன்றலாம். அடுத்த முறை உண்மையான செஞ்சிலுவை ஹெலிகாப்டர் ஒன்று காயம்பட்டவரை எடுக்க அதே காட்டில் இறங்கும்போது கீழே துப்பாக்கியோடு நிற்கிறவன் என்ன நினைப்பான்? அதற்குத்தான் மன்னிப்பு. அந்தச் சிலுவையை அணிந்து ஏமாற்றிக் கொல்வதும் பிடிப்பதும் போர்ச் சட்டத்தில் தனிக் குற்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்திலும் எம்ப்ளத்தைத் தவறாகப் பயன்படுத்துவது போர்க்குற்றப் பட்டியலில் இருக்கிறது. லோகோவைத் திருடினால் நஷ்ட ஈடு கேட்பார்கள். எம்ப்ளத்தைத் திருடினால் கெடுவது உயிர்.

நமக்கு இது தூர தேசத்துக் கதை இல்லை. 2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது ஷெல் விழுந்ததும், அந்தப் பிப்ரவரி முதல் புதுமாத்தளனிலிருந்து காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றதும் ஒரே காலத்தில் நடந்தன. வன்னியின் எல்லா ஆஸ்பத்திரிகளும் தாக்கப்பட்டன, அவை எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. எம்ப்ளம் என்பது அதை மதிக்கிறவன் இருந்தால்தான் எம்ப்ளம். அந்த மதிப்பு பயிற்சியால் வருவது, பார்த்த உடனே ஒரே அர்த்தம் மனதில் தோன்றப் பழகியிருந்தால்தான் வரும். அமைதிக் காலத்தில் அதே படத்தை வலிநிவாரணித் தைல விளம்பரத்தில் பார்த்துப் பழகினவனுக்கு அந்த ஒரே அர்த்தம் மங்கிப்போயிருக்கும். மருந்துக்கடைப் பலகைக்கும் போர்க்களத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சிம்பல் செய்த குழப்பம்

சிம்பல் என்ற சொல் எங்கே வருகிறது? எம்ப்ளத்தின் பொருளைச் சட்டம் கட்டிப்போடுகிறது, சிம்பலின் பொருளை யாரும் கட்டிப்போட முடியாது. அது பார்க்கிறவரின் பழக்கத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் நினைவிலிருந்தும் வருவது.

1864 ஒப்பந்தத்தில் ஏன் சிலுவை என்பதற்குக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. 1876இல் பால்கன் பகுதியில் நடந்த போரின்போது, சிலுவை தன் முஸ்லிம் படைவீரர்களைப் புண்படுத்துகிறது என்று சொல்லி துருக்கியின் ஆட்டோமன் பேரரசு செம்பிறையைப் போட ஆரம்பித்தது. மதம் ஒன்றும் இல்லை, இது சுவிஸ் கொடியைத் திருப்பிப் போட்டது என்று 1906 ஒப்பந்தத்தில் எழுதிவைத்தார்கள். எழுதினால் ஆயிற்றா? எம்ப்ளம் என்ற அளவில் அதற்கு மதம் இல்லை, சிம்பல் என்ற அளவில் அது சிலுவைதான். 1929இல் செம்பிறையையும், பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) சிவப்புச் சிங்கமும் சூரியனும் சேர்ந்த சின்னத்தையும் அங்கீகரிக்க வேண்டியதாயிற்று. 1980இல் ஈரான் சிங்கத்தை விட்டுவிட்டுச் செம்பிறைக்கு வந்தது, ஆனாலும் சட்டத்தில் அந்தச் சிங்கம் இன்னும் இருக்கிறது. இஸ்ரேல் தன் சிவப்பு நட்சத்திரத்தைக் கேட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருந்தது.

கடைசியில் 2005 டிசம்பர் 8இல் ஜெனிவா ஒப்பந்தங்களுக்கு மூன்றாவது கூடுதல் நெறிமுறை வந்தது, 2007 ஜனவரி 14 முதல் நடைமுறை. அதில் கொண்டுவந்தது சிவப்புப் படிகம்: முனையில் நிற்கும் ஒரு சிவப்புச் சதுரச் சட்டம், நடுவே வெள்ளை. எந்த மதத்தையும் எந்த நாட்டையும் நினைவூட்டாத ஒரு வடிவத்தைத் தேடிப் பிடித்தார்கள், அதாவது சிம்பலாக எந்தச் சுமையும் இல்லாத ஒரு எம்ப்ளம். சுட்டும் பயன்பாட்டுக்கு மட்டும் அதன் நடுவில் சிலுவையோ பிறையோ நட்சத்திரமோ வைத்துக்கொள்ளலாம். வெளிச் சட்டம் எம்ப்ளம், உள்ளே இருப்பது அந்தந்தச் சங்கத்தின் அடையாளம். எனக்குத் தெரிந்து எம்ப்ளம், சிம்பல் என்ற இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே படத்துக்குள் வரைந்து காட்டியது இது ஒன்றுதான். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் படிகத்தைத் தெருவில் காட்டிக் கேட்டால் பலருக்கு அடையாளம் தெரியாது. சுமை இல்லாத வடிவத்துக்கு நினைவும் இல்லை, இது அதன் விலை.

கடைக்காரர் கையில்

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை கிளாரா பார்ட்டன் 1881இல் தொடங்கினார். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி தன் பஞ்சு, கட்டுத்துணிப் பொருட்களில் செஞ்சிலுவையை 1887 முதல் போட்டு வந்தது. அங்கே சங்கத்துக்கு அந்தப் படத்தின் மேல் சட்டப்பூர்வ உரிமை வந்தது அதற்குப் பிறகுதான். 1905க்கு முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவர்கள் தொடரலாம் என்று அமெரிக்கச் சட்டம் விட்டுவைத்தது. ஆக ஒரே நாட்டில் ஒரே படம், ஒருவருக்கு எம்ப்ளம், இன்னொருவருக்கு டிரேட்மார்க். நூறு வருடம் பெரிய தகராறு இல்லாமல் ஓடியது.

பிறகு சங்கம் தன் சிலுவையை முதலுதவிப் பெட்டி போன்ற பொருட்கள் விற்கும் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தது. 2007 ஆகஸ்டில் ஜான்சன் அண்ட் ஜான்சன் வழக்குப் போட்டது. செஞ்சிலுவையைப் போட்டதற்காகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மேலேயே வழக்கா என்று பத்திரிகைகள் எழுதின, பொதுமக்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்துக்கு நடுவே ஒரு நியாயமான கேள்வி கவனிக்கப்படாமல் போனது: எம்ப்ளத்தை எடுத்துச் சரக்கின் மேல் ஒட்டி விற்றால் அது என்ன? நீதிமன்றம் 2008 மே மாதம் கம்பெனியின் வாதங்களில் பெரும்பகுதியை ஏற்கவில்லை, அடுத்த மாதம் இருவரும் சமரசமாகிவிட்டார்கள். சட்டப்படி சங்கத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனாலும் அந்தப் படத்தைக் கடை அலமாரிக்குக் கொண்டுபோனது அதன் வேலைக்கு நல்லதில்லை என்றே நான் நினைக்கிறேன். மார்க் என்பது “இது யாருடைய சரக்கு” என்பதற்குப் பதில், அந்த இடத்தில் எம்ப்ளத்துக்கு வேலையே இல்லை.

ஐகானாகப் போனது இன்னும் வேகமாக நடந்தது. கணினி விளையாட்டுகளில் உயிர் கூட்டும் பெட்டி என்றால் வெள்ளைப் பெட்டியில் சிவப்புச் சிலுவை என்று ஆகிவிட்டது. ஐகான் என்பது தட்டினாலோ எடுத்தாலோ ஏதோ ஒன்று நடக்கும் என்று காட்டுகிற சின்னப் படம், அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை, புரிந்தால் போதும். எல்லோருக்கும் புரிகிற படம் என்பதால் இதை எடுத்துக்கொண்டார்கள். 2017இல் ‘பிரிசன் ஆர்கிடெக்ட்’ என்ற விளையாட்டை உருவாக்கிய பிரிட்டிஷ் கம்பெனிக்கு பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து கடிதம் போனது. மேலிருந்து பார்க்கும் விளையாட்டு அது, ஆம்புலன்ஸ் மேல் இருந்த சிலுவை சில பிக்சல் அளவுதான். இவ்வளவு சின்னதற்கா என்று இணையத்தில் பலர் கேட்டார்கள், கம்பெனி மாற்றிவிட்டது. சங்கம் கேட்டது சரி. விளையாடுகிற பையன் நாளைக்குப் படையில் சேருவான், அவன் மூளையில் அந்தப் படம் எதற்காகப் பதிந்திருக்கிறது என்பது முக்கியம்.

சரி, கிளினிக்குக்கு என்ன போடுவது

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் செஞ்சிலுவையை எதற்காகவும் பயன்படுத்தக் கூடாது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை, தனியார் ஆம்புலன்ஸ் யாருக்கும் விலக்கு இல்லை. அபராதம் 500 ரூபாய் வரை. அந்தக் காலத்துத் தொகை, இன்று அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், அதனால்தான் பலகைகள் அப்படியே இருக்கின்றன. இலங்கையில் 2006இல் ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் வந்தது.

தெரிந்ததும் டிசைனர்கள் முதலில் செய்வது நிறத்தைத் திருப்பிப் போடுவது: சிவப்பில் வெள்ளைச் சிலுவை. அது சுவிஸ் நாட்டின் சின்னம், ஜெனிவா ஒப்பந்தத்தின் அதே 53ஆம் பிரிவு அதையும் தடுத்திருக்கிறது. போட வேண்டியது பச்சையில் வெள்ளைச் சிலுவை. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 7010 தரத்தில் ஈ003 என்ற எண்ணில் முதலுதவிக்கான பாதுகாப்பு சைன் அதுதான். பச்சைச் சதுரம், நடுவில் வெள்ளைச் சிலுவை, யார் வேண்டுமானாலும் மாட்டலாம்.

இந்தத் தரத்தை எழுதினவர்கள் சைனையும் சிம்பலையும் நன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் சிலுவைப் படம் மட்டும் சிம்பல். பச்சை நிறம், சதுர வடிவம், உள்ளே சிம்பல் எல்லாம் சேர்ந்தது சைன். பச்சை என்றால் பாதுகாப்பான வழி, மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் தடை. அதாவது சிம்பல் எதைப் பற்றி என்று சொல்கிறது, சைன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. சிகரெட் படம் மட்டும் இருந்தால் சிம்பல், குறுக்குக் கோடு போட்டுச் சுவரில் மாட்டினால் சைன். 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக ஏர்போர்ட், ரயில் நிலையங்களில் வைக்க 34 படங்களை வரைந்தார்கள், 1979இல் அது 50 ஆனது, கழிப்பறைக் கதவில் நாம் பார்க்கிற ஆண் பெண் உருவம் பரவியதில் அந்தத் தொகுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குப் பெயரே ‘சிம்பல் சைன்ஸ்’. இரண்டு சொல்லும் ஒன்றாக இருந்தால் இந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை.

ஆம்புலன்ஸில் பார்க்கும் ஆறு கைகள் கொண்ட நீல நட்சத்திரமும் இந்தச் சண்டையில் பிறந்ததுதான். அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் ஆரஞ்சுச் சிலுவை போட்டிருந்தார்கள், செஞ்சிலுவையைப் போலவே இருக்கிறது என்று 1973இல் அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்தது. சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் இருந்த லியோ ஷ்வார்ட்ஸ் புதிதாக வரைந்ததுதான் ‘ஸ்டார் ஆஃப் லைஃப்’, நடுவே ஒற்றைப் பாம்பு சுற்றிய, கிரேக்க மருத்துவக் கடவுளான அஸ்க்லீப்பியஸின் கோல். 1977இல் அது பதிவானது டிரேட்மார்க்காக இல்லை, சான்று மார்க்காக, அதாவது இந்த வண்டி, இந்த ஆள் இன்ன தரத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. நம் ஊரில் நகைக்கு ஹால்மார்க் என்று சொல்லும்போது நாம் இந்தப் பொருளில்தான் மார்க் என்கிறோம். இரண்டு பாம்பும் இறக்கையும் இருக்கிற கோல் வேறு, அது ஹெர்மீஸ் தேவனுடையது. அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் அதைத் தன் சீருடையின் இன்சிக்னியாவாக எடுத்துக்கொண்டதிலிருந்து மருத்துவத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்சிக்னியா என்றால் ஆள் எந்தப் பிரிவு, எந்தப் பதவி என்று உடம்பில் அணிவது, கட்டடத்தில் வைப்பதற்கு அந்தச் சொல் வராது.

சிக்னலையும் சொல்லிவிட வேண்டும். ஜெனிவா ஒப்பந்தங்களுக்கு 1977ஆம் ஆண்டில் வந்த முதல் கூடுதல் நெறிமுறை எம்ப்ளத்தை ஒரு வரியிலும் சிக்னலை அடுத்த வரியிலும் தனித்தனியாக வரையறுக்கிறது. இருட்டில் சிவப்பு வெள்ளை தெரியாது, வேகமாகப் பறக்கிற விமானத்திலிருந்தும் தெரியாது, அதனால் மருத்துவ விமானங்களுக்கு மின்னும் நீல விளக்கும் ரேடியோ குறியும் வைத்தார்கள். அணைத்தால் போய்விடுவது சிக்னல், விளக்கு அணைந்த பிறகும் இருப்பது எம்ப்ளம்.

இப்போது அந்தக் கோடும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்து, போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்கள் உட்பட 5,15,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொட்டுவிட்டார்கள். சர்வரின் கூரையில் சிலுவை வரைய முடியாது. அதனால் டிஜிட்டல் எம்ப்ளம் ஒன்றை உருவாக்கும் வேலை நடக்கிறது, அதே வருடம் நவம்பரில் இதைப் பற்றி ஒரு அறிக்கையும் வெளியிட்டார்கள். உள்ளே நுழைகிற நிரல் படித்துப் பார்த்து “இது ஆஸ்பத்திரியின் கணினி, தொடக் கூடாது” என்று தெரிந்துகொள்ளும்படி, போலி செய்ய முடியாத ஒரு சான்றை அந்தச் சர்வரோடு இணைத்துவைப்பது. அதில் சிவப்பும் இருக்காது, சிலுவையும் இருக்காது, கண்ணால் பார்க்க எதுவுமே இருக்காது. அதற்கும் அவர்கள் வைத்திருக்கிற பெயர் எம்ப்ளம்தான்.